கணினியில் என்னென்ன எழுத்துருக்கள்? ஒரு கேள்வி, பல பட்டியல்கள்

"இந்தக் கணினியில் நிறுவப்பட்டுள்ள எழுத்துருக்களை எல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) மூலம் பட்டியலிட முடியுமா?" அழைப்பிதழ் அச்சிடும் கடையில் பக்கம் வடிவமைப்பவரும், அலுவலகத்தில் ஐம்பது கணினிகளைப் பராமரிப்பவரும், இணையதளத்தில் எழுத்துருத் தேர்வுப் பெட்டி ஒன்றை வைக்க விரும்பும் நிரலாளரும் இதே சொற்களில்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் விடைகளும் பெரும்பாலும் இரண்டுதான். ஃபான்ட்ஸ் கோப்புறையைப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி போதும் என்பது மற்றொன்று. முதல் விடையை நம்பியவருக்குக் கோப்புப் பெயர்கள் கிடைக்கும், எழுத்துருக்களின் பெயர்கள் கிடைக்கா. இரண்டாவதை நம்பியவருக்குப் பல உலாவிகளில் எதுவுமே கிடைக்காது.

குழப்பம் நிரல்மொழியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. எழுத்துரு என்று நாம் எதைச் சொல்கிறோம், அந்தப் பட்டியலைக் கேட்பவர் யார் என்ற இரண்டும் தெளிவாகாமல் எழுதப்படும் எந்த ஸ்கிரிப்டும் ஏதாவதொரு கணினியில் தவறான விடையைத்தான் தரும். அந்த இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

## வாசல், குடும்ப அட்டை, ஆள்

ஒரு தெருவில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்கப் போகும் ஒருவர் வாசல் கதவுகளை எண்ணலாம், ரேஷன் அட்டைகளை எண்ணலாம், ஆட்களைத் தலை தலையாக எண்ணலாம். மூன்றும் மூன்று எண்களைத் தரும், மூன்றும் சரியானவையே. ஒரே வாசலுக்குள் இரண்டு அட்டைகள் இருக்கும் வீடுகள் உண்டு. ஒரே அட்டையில் பெயருள்ள அண்ணனும் தம்பியும் தனித்தனி வீடுகளில் குடியிருப்பதும் உண்டு.

எழுத்துருவும் இப்படித்தான். வாசல் என்பது வட்டில் கிடக்கும் கோப்பு. அதன் பெயர் பொதுவாக டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். ஆள் என்பது முகம்: தடித்ததோ மெல்லியதோ சாய்ந்ததோ, குறிப்பிட்ட ஒரே தோற்றமுடைய எழுத்துத் தொகுதியை முகம் என்கிறோம். அட்டை என்பது குடும்பம்: ஒரே வடிவமைப்பின் வெவ்வேறு முகங்களுக்குப் பொதுவான பெயர். வேர்டு போன்ற மென்பொருளின் எழுத்துருப் பெட்டியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குடும்பங்களைத்தான். ஒரே கோப்பில் பல முகங்கள் குடியிருப்பதும் உண்டு. அத்தகைய கோப்பின் பெயர் டிடிசி என்று முடியும்.

விண்டோஸ் 8 முதல் வந்துகொண்டிருக்கும் நிர்மலா யூஐ எழுத்துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விண்டோஸ் 10இல் இதற்கு இயல்பானது, தடித்தது, சற்று மெல்லியது என மூன்று முகங்கள் உள்ளன. அப்படியானால் குடும்பம் ஒன்றுதானே? பழைய வேர்டின் பட்டியலைப் பார்த்தால் நிர்மலா யூஐ என்று ஒன்றும், நிர்மலா யூஐ செமிலைட் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும். காரணம் பழைய விண்டோஸ் முறையில் ஒரு குடும்பத்திற்கு நான்கு பேர் மட்டுமே அனுமதி: இயல்பு, தடிப்பு, சாய்வு, தடித்த சாய்வு. அந்த நான்கில் அடங்காத மெல்லிய தம்பிக்குத் தனி அட்டை போட்டுத்தான் பட்டியலில் சேர்க்க முடிந்தது. புதிய முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் மூவரையும் ஒரே அட்டையில் காட்டும். ஆகவே ஒரே கணினியில், ஒரே நிமிடத்தில் இயக்கிய இரண்டு ஸ்கிரிப்டுகள் வெவ்வேறு எண்ணிக்கை தந்தால், அவற்றுள் ஒன்று பழுதானது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

இதுவரை: கோப்பு, முகம், குடும்பம் ஆகிய மூன்றும் வேறுவேறு. பட்டியல் வேண்டும் என்றால், மூன்றில் எதன் பட்டியல் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

## பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கோப்பின் பெயரைப் பார்த்து எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிடலாம் என்பது அடுத்த தவறான எண்ணம். லதா எழுத்துருவின் கோப்புப் பெயரும் லதாதான். அது தற்செயலான வசதி. அந்தக் கோப்பின் பெயரைக் கத்தரிக்காய் என்று மாற்றிவிட்டு மற்றொரு கணினியில் நிறுவினாலும் அங்கே பட்டியலில் லதா என்றே தோன்றும். வீட்டுக் கதவில் தொங்கும் பலகையை மாற்றினால் உள்ளே இருப்பவரின் பெயர் மாறிவிடுவதில்லை.

உண்மையான பெயர் கோப்புக்குள்ளே இருக்கிறது. ஓர் எழுத்துருக் கோப்பு பல அட்டவணைகளின் தொகுப்பு. அவற்றுள் நேம் என்னும் அட்டவணையில் எண்ணிட்ட பெயர்கள் வரிசையாக இருக்கும். 1ஆம் எண்ணில் குடும்பப் பெயர், 2ஆம் எண்ணில் தடிப்பு அல்லது சாய்வு பற்றிய குறிப்பு, 4ஆம் எண்ணில் முழுப்பெயர், 6ஆம் எண்ணில் இடைவெளியின்றி எழுதப்பட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர். மேலே சொன்ன நால்வர் விதியால் பிரிந்துபோன உறுப்பினருக்கு, அவருடைய உண்மையான குடும்பப் பெயர் 16ஆம் எண்ணில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். 1ஆம் எண்ணை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட் செமிலைட்டைத் தனிக் குடும்பம் என்று சொல்லும். 16ஆம் எண்ணையும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதை வீட்டோடு சேர்த்துவிடும்.

ஒரே பெயர் பல மொழிகளிலும் பதிவாகியிருக்கலாம். ஜப்பானிய எழுத்துருக்கள் பலவற்றிற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் ஜப்பானிய மொழியில் ஒரு பெயரும் இருக்கின்றன. லினக்ஸில் பட்டியலிட்டால் இரண்டும் காற்புள்ளி இட்டு ஒரே வரியில் வந்து நிற்கும். அந்தக் காற்புள்ளியை இரண்டு எழுத்துருக்களுக்கு இடையிலான பிரிப்பு என்று எண்ணி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடும்.

## விண்டோஸ்: மூன்று வழிகள், மூன்று ஓட்டைகள்

விண்டோஸில் இந்த வேலைக்கு மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன.

முதல் வழி, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையைப் பட்டியலிடுவது. இந்தக் கோப்புறை பார்ப்பவரை ஏமாற்றக்கூடியது. எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் குடும்பங்களாகத் தொகுத்துக் காட்டும். கட்டளை வரியில் இருந்து பட்டியலிட்டால் வெறும் கோப்புகளைத் தரும். திரையில் எண்ணியதும் ஸ்கிரிப்ட் எண்ணியதும் ஏன் பொருந்தவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

இரண்டாம் வழி, ரெஜிஸ்ட்ரியைப் படிப்பது. விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதிவைத்திருக்கும் மையக் குறிப்பேடுதான் ரெஜிஸ்ட்ரி. நூலகத்தின் அலமாரிக்கும் அங்குள்ள பதிவேட்டிற்கும் உள்ள உறவுதான் கோப்புறைக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும். அலமாரியில் ஒரு புத்தகம் கிடக்கிறது என்பதாலேயே அது பதிவான புத்தகம் ஆகிவிடாது. விண்டோஸ் என்டி பிரிவின் கீழே ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தில், இடப்புறம் லதா என்ற பெயரும் அடைப்புக்குறிக்குள் ட்ரூடைப் என்ற குறிப்பும், வலப்புறம் கோப்பின் பெயரும் இருக்கும். ஃபான்ட்ஸ் கோப்புறைக்கு வெளியே உள்ள எழுத்துருவானால் வலப்புறம் முழு முகவரியும் இருக்கும்.

இங்கே ஓர் ஓட்டை 2018இல் திறந்தது. அதுவரை எழுத்துரு நிறுவ நிர்வாகி உரிமை வேண்டியிருந்தது. விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல், சாதாரணப் பயனரும் தனக்கு மட்டும் என்று எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவியவை பொது ஃபான்ட்ஸ் கோப்புறைக்குப் போவதில்லை. பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற அடுக்கில் போய் அமர்கின்றன. ரெஜிஸ்ட்ரியிலும் பொதுப் பக்கத்தில் பதிவாகாமல் அந்தப் பயனருக்கான பக்கத்திலேயே பதிவாகின்றன. 2018க்கு முன் எழுதப்பட்டு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் பல ஸ்கிரிப்டுகளுக்கு இந்த இடமே தெரியாது. இரவில் தானாக ஓடும் பணி ஒன்று வேறு கணக்கின் பெயரில் இயங்கினால், பகலில் நம் கண்முன் இருந்த எழுத்துரு அதன் பார்வைக்குத் தென்படாமல் போவதற்கும் இதுவே காரணம். வலது சொடுக்கில் வரும் "அனைத்துப் பயனர்களுக்கும் நிறுவு" என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாம் வழி, விண்டோஸோடு வரும் கட்டளை நிரல்மொழியான பவர்ஷெல். அதில் இன்ஸ்டால்டு ஃபான்ட் கலெக்ஷன் என்ற பொருளை உருவாக்கி, அதன் ஃபேமிலீஸ் பண்பைக் கேட்டால், குடும்பப் பெயர்கள் அழகாக அகர வரிசையில் வந்துவிடும். இணையத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி இதுதான், பெரும்பாலான தேவைகளுக்கு இது போதும் என்றே நானும் சொல்வேன். ஆனால் இது ஜிடிஐ பிளஸ் என்னும் பழைய வரைகலை நூலகத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. எழுத்தின் வளைவுகளைக் கோப்பில் எழுதிவைக்க இரண்டு முறைகள் உண்டு. ட்ரூடைப் முறை ஒன்று, போஸ்ட்ஸ்கிரிப்ட் முறை மற்றொன்று. ஜிடிஐ பிளஸுக்கு இரண்டாவது முறை தெரியாது. அச்சுத் தொழிலில் விலை கொடுத்து வாங்கும் ஓடிஎஃப் எழுத்துருக்கள் பல இந்த இரண்டாவது முறையில் அமைந்தவை. அவை இந்தப் பட்டியலில் வரா. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இருக்கும் எழுத்துரு பவர்ஷெல் பட்டியலில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

லதாவைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. விண்டோஸ் 2000 காலம் தொட்டுத் தமிழ் என்றாலே லதா என்று பழகிய நமக்கு, புதிய கணினியிலும் அது இருக்கும் என்ற நம்பிக்கை உண்டு. விண்டோஸ் 10இல் இருந்து லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. தமிழை ஒரு மொழியாகச் சேர்க்காத கணினியில் அவை இல்லாமலே இருக்கலாம். லதாவில் தட்டிய பழைய கோப்பு அங்கே நிர்மலா யூஐ உருவில் திறந்து, பக்கக் கணக்கு மாறி நிற்கும்.

இதுவரை: விண்டோஸில் கோப்புறை, ரெஜிஸ்ட்ரி, பவர்ஷெல் ஆகிய மூன்று வழிகளும் மூன்று வெவ்வேறு பட்டியல்களைத் தருகின்றன. முழுமையான கணக்கு வேண்டுபவர் பொதுப் பக்கம், பயனர் பக்கம் ஆகிய இரண்டு ரெஜிஸ்ட்ரிப் பக்கங்களையும் படித்து, அங்கே சுட்டப்படும் கோப்புகளைத் திறந்து, நேம் அட்டவணையைப் பார்ப்பதே நம்பகமானது.

## லினக்ஸும் மேக்கும்

லினக்ஸில் இந்த வேலை ஒப்பீட்டளவில் எளிது. ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம் எழுத்துரு விவகாரங்களை எல்லாம் ஒரே இடத்தில் கவனித்துக்கொள்கிறது. எஃப்சி-லிஸ்ட் என்ற கட்டளை, அந்த நூலகத்திற்குத் தெரிந்த அனைத்தையும் கோப்பு முகவரி, குடும்பம், முகம் என்ற வரிசையில் கொட்டிவிடும். மொழி என்ற நிபந்தனையைச் சேர்த்து, தமிழுக்கான டிஏ என்ற ஈரெழுத்துக் குறியைக் கொடுத்தால், தமிழ் எழுதக்கூடிய எழுத்துருக்களை மட்டும் வடிகட்டியும் தரும்.

இதன் உடன்பிறப்பான எஃப்சி-மேட்ச் என்ற கட்டளையோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். "இந்தப் பெயரில் எழுத்துரு இருக்கிறதா?" என்று அதனிடம் கேட்டால் அது ஒருபோதும் இல்லை என்று சொல்லாது. கேட்ட சோப்பு கையிருப்பில் இல்லாதபோது, ஒன்றும் சொல்லாமல் வேறொரு சோப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பும் மளிகைக் கடைக்காரரைப் போன்றது அது. ஏரியல் என்று கேட்டால், ஏரியல் இல்லாத கணினியில் லிபரேஷன் சான்ஸ் என்று பதில் வரலாம். இருப்பைச் சோதிக்க இதைப் பயன்படுத்துபவர், தந்த பெயரும் கேட்ட பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டே ஆக வேண்டும்.

சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி இயக்கும் டாக்கர் போன்ற கொள்கலன்களுக்காகச் சுருக்கப்பட்ட லினக்ஸ் பதிப்புகளில் எழுத்துருவே ஒன்றும் இல்லாமல் இருப்பது சாதாரணம். சொந்தக் கணினியில் தமிழில் அழகாக வந்த பிடிஎஃப், சர்வரில் உருவானபோது கட்டம் கட்டமாக வந்தால், நிரலைத் தோண்டுவதற்கு முன் அங்கே எஃப்சி-லிஸ்டை ஓட்டிப் பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அந்தக் காலிக் கட்டங்களுக்கு டோஃபு என்று பெயர். டோஃபுவே கூடாது என்ற எண்ணத்தில்தான் கூகுள் தன் எழுத்துருத் திட்டத்திற்கு நோட்டோ என்று பெயர் வைத்தது.

மேக்கில் சிஸ்டம் புரொஃபைலர் என்ற கட்டளையிடம் எழுத்துருப் பிரிவை மட்டும் கேட்டால் முகம் முகமாக விவரம் தரும். சற்று நேரம் எடுக்கும். இயங்குதளத்திற்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என எழுத்துருக் கோப்புறைகள் அங்கே பல. ஃபான்ட் புக் செயலியில் முடக்கிவைத்த எழுத்துரு, வட்டில் கோப்பாக இருந்தும் பயன்பாட்டில் இராது. அதன் பட்டியலில் மங்கலாகத் தெரிபவை சில இன்னும் பதிவிறக்கப்படாதவை.

## பாமினி ஏன் தமிழ்ப் பட்டியலில் வருவதில்லை?

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் தமிழர்களுக்கே உரிய சிக்கல் இங்குதான் இருக்கிறது. பாமினி நிறுவியிருக்கும் லினக்ஸ் கணினியில், தமிழ் எழுத்துருக்களை மட்டும் காட்டு என்று எஃப்சி-லிஸ்டைக் கேட்டால் பாமினி வராது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பல ஆண்டுகள் பத்திரிகைகளும் அழைப்பிதழ்களும் அடித்த எழுத்துருவைத் தமிழ் இல்லை என்று கணினி சொல்வது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் கணினியின் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஒவ்வோர் எழுத்துருவுக்குள்ளும் சிமேப் என்ற அட்டவணை ஒன்று உண்டு. எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைய வேண்டும் என்பதைச் சொல்வது அதுதான். உலகின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் தருகிற பொதுத் திட்டம் யூனிகோடு. அதில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 2944 முதல் 3071 வரை. "க" என்ற எழுத்தின் எண் 2965. லதாவின் சிமேப்பில் 2965க்கு நேரே "க" வடிவம் இருக்கும். பாமினியின் சிமேப்பில் 2965 என்ற எண்ணே இராது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு உருவான அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியது. "அம்மா" என்று பாமினியில் தட்டியவர் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான் சேமிக்கிறார். அவை தமிழாகத் தெரிவது வேடத்தால். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கில எழுத்துகள் வெளியே வருகின்றன.

மொழி வாரியாக வடிகட்டும் ஸ்கிரிப்ட் பார்ப்பது வேடத்தை அன்று, எண்ணை. எண்ணின்படி பாமினியில் தமிழ் கிடையாது. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டேம், டேப் ஆகிய குறியீடுகளில் அமைந்த எழுத்துருக்களுக்கும் இதே கதைதான். ஆகவே பழைய தமிழ் எழுத்துருக்கள் எத்தனை இருக்கின்றன என்று கண்டுபிடிக்க விரும்புபவர் மொழி வடிகட்டியை நம்பாமல், பெயரைக் கொண்டே தேட வேண்டும். யூனிகோடு தமிழ் எழுத்துருக்களைக் கண்டுபிடிக்க விரும்புபவருக்கு எளிய வழி, பைதான் என்ற நிரல்மொழியில் ஃபான்ட்டூல்ஸ் நூலகத்தைக் கொண்டு ஒவ்வொரு கோப்பின் சிமேப்பையும் திறந்து, 2965 இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் தமிழ் எழுதும் என்று ஏறக்குறையச் சொல்லலாம். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், "க" என்ற வடிவமும் உகரக் குறியும் தனித்தனியாக இருந்தால் மட்டும் "கு" வந்துவிடாது. அவற்றைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் விதிகள் வேறோர் அட்டவணையில் இருக்க வேண்டும். அந்த விதிகள் இல்லாத எழுத்துருவில் உயிர்மெய்கள் உடைந்து நிற்கும்.

இதுவரை: எழுத்துரு இருப்பதும், அது தமிழ் எழுதுவதும் இரு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்குப் பெயர்ப் பட்டியலில் விடை இல்லை.

## கேட்பது இணையதளமானால்

இதுவரை கேட்டவர் கணினியின் உரிமையாளர். தன் வீட்டு அலமாரியைத் தானே திறந்து பார்ப்பதைப் போல, அவர் ஓட்டும் ஸ்கிரிப்டுக்குத் தடை இல்லை. இணையதளத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அப்படிப்பட்டதில்லை. அது வாசலில் நிற்கும் விற்பனையாளர். அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டால் சொல்லலாமா என்பதில் உலாவிகளுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

முன்பு, உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய ஃபிளாஷ் என்ற துணை மென்பொருள் இருந்த காலத்தில் அது தாராளமாகச் சொன்னது. ஃபிளாஷின் நிரல்மொழியில் ஒரு கட்டளை, கணினியின் எழுத்துருக்கள் அனைத்தையும் அனுமதி கேளாமல் இணையதளத்திடம் கொடுத்தது. அதன் விளைவை 2010இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு அளந்து காட்டியது. தாமாக முன்வந்த 4,70,161 உலாவிகளை அந்த ஆய்வு பதிவு செய்தது, அவற்றுள் 83.6 விழுக்காடு வேறெதனுடனும் ஒத்துப்போகாத தனித்தன்மை கொண்டிருந்தன. ஃபிளாஷோ ஜாவாவோ இயங்கிய உலாவிகளில் இந்த அளவு 94.2 விழுக்காடு.

இத்தகைய தனித்தன்மையைக் கொண்டு, பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமலே ஒருவரை மறுபடி அடையாளம் காண்பதற்கு உலாவிக் கைரேகை என்று பெயர். இதை அளக்கும் அலகு பிட். விடுகதை விளையாட்டில் "உயிருள்ளதா? வீட்டில் இருப்பதா?" என்று ஆம், இல்லை என்ற விடைகளால் பாதிப் பாதியாக வடிகட்டுவோம் அல்லவா? அப்படிப் பாதியாக்கும் ஒரு கேள்வியின் விடை ஒரு பிட். எழுத்துருப் பட்டியல் மட்டுமே 13.9 பிட் அளவு செய்தி தந்தது என்பது அந்த ஆய்வின் கணக்கு. ஏறக்குறையப் பதினான்கு கேள்விகள். பாதி பாதியாக வடிகட்டினால் சுமார் 15,000 பேரில் ஒருவரைத் தனியே நிறுத்திவிடும். உலகத்தார் பெரும்பாலானவர்களிடம் இல்லாத தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஒன்றை நிறுவியிருப்பவர் கூட்டத்தில் இன்னும் எளிதாகத் தெரிவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஃபிளாஷின் ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே ஃபிளாஷ் இல்லாமல் ஊகிக்கும் வழி பரவியிருந்தது.

## அளந்து பார்த்து ஊகிப்பது

தையற்கடைக்கு அளவுச் சட்டையை எடுத்துச்செல்லும் வழக்கம்தான் இந்த உத்தியின் அடிப்படை. இணையப் பக்கம் ஓர் எழுத்துருவைக் கேட்டு, அது கணினியில் இல்லை என்றால், உலாவி குறை சொல்லாமல் வேறொன்றை எடுத்து வரையும். இதை மாற்று எழுத்துரு என்போம். ஸ்கிரிப்ட் முதலில், எப்போதும் இருக்கக்கூடிய பொது எழுத்துருவில் ஒரு நீண்ட சொல்லை, கண்ணுக்குத் தெரியாத மூலையில் பெரிய அளவில் எழுதி, அதன் அகலத்தைக் குறித்துக்கொள்ளும். அதுவே அளவுச் சட்டை. பிறகு அதே சொல்லை, "லதாவில் எழுது, இல்லை என்றால் அதே பொது எழுத்துருவில் எழுது" என்று கேட்கும். அகலம் மாறினால் லதா இருக்கிறது. மாறாவிட்டால் இல்லை என்று கொள்ளும்.

இது பட்டியலைத் தருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "இன்னார் இருக்கிறாரா?" என்று பெயர் பெயராகக் கதவைத் தட்டுவதுதான் இது. ஆயிரம் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு தட்டினால் பட்டியல் போன்ற ஒன்று கிடைக்கும். கையில் இல்லாத பெயர் கடைசிவரை தெரியவராது. தவறான விடைகளும் உண்டு. லிபரேஷன் சான்ஸ் எழுத்துரு, ஏரியலின் அகலங்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துமாறே வடிவமைக்கப்பட்டது. அகலத்தை மட்டும் அளப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இதனால்தான் மூன்று வெவ்வேறு பொது எழுத்துருக்களோடு ஒப்பிடுவார்கள். சோதனைச் சொல்லை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் வடிவங்கள் மட்டுமே உள்ள எழுத்துருவைத் தேடுவதும் வீண். அந்தச் சொல்லை வரைய அந்த எழுத்துரு உதவாது, அகலமும் மாறாது. இணையத்தில் கிடைக்கும் நிரல் துண்டுகளை அப்படியே எடுத்துத் தமிழ் எழுத்துருக்களைத் தேடியவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

## அனுமதி கேட்டுப் பெறுவது

முறையான வழி 2022இல் குரோமின் 103ஆம் பதிப்போடு வந்தது. குவெரி லோக்கல் ஃபான்ட்ஸ் என்ற செயற்கூறை, பாதுகாப்பான இணைப்பில் திறந்த பக்கத்தில் அழைத்தால், உலாவி பயனரிடம் அனுமதி கேட்கும். அவர் சம்மதித்தால், ஒவ்வொரு முகத்திற்கும் குடும்பப் பெயர், முழுப்பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், பாணி ஆகிய நான்கும் கிடைக்கும். நேம் அட்டவணையில் நாம் சந்தித்த அதே பெயர்கள்தாம். வேண்டுமானால் எழுத்துருவின் உள்ளடக்கத்தையே படிக்கவும் முடியும். உலாவியிலேயே சுவரொட்டி வடிவமைக்கும் செயலிகளுக்கு அது தேவைப்படுகிறது. வருவது முகங்களின் பட்டியல் என்பதால், தேர்வுப் பெட்டியில் குடும்பங்களைக் காட்ட விரும்புபவர் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டும்.

இது குரோமையும் அதன் வழிவந்த உலாவிகளையும் மேசைக் கணினியில் பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமே. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இதை ஏற்கவில்லை. அனுமதிக் கேள்விக்குப் படிக்காமலே சம்மதம் தருகிறவர்கள் மிகுதி என்ற உண்மையைப் பார்த்தால் அந்த இரண்டு உலாவிகளின் தயக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. சஃபாரி 2018 முதல், மேக்கோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே இணையதளங்களுக்குக் காட்டுகிறது. பயனர் தாமே நிறுவியவை அளந்து பார்ப்பவருக்கும் அகப்படா. தனியுரிமைக்காகவே உருவான டோர் உலாவி, தான் அனுமதிக்கும் குறிப்பிட்ட சில எழுத்துருக்களுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

"ஒரு வரி போதும்" என்று பரிந்துரைக்கப்படும் டாக்குமெண்ட் ஃபான்ட்ஸ் என்ற பொருள் எங்கிருந்து வந்து இந்தக் கதையில் நுழைந்தது? அது அந்தப் பக்கம் தானே இணையத்திலிருந்து வரவழைத்த எழுத்துருக்களின் பட்டியல். விருந்தாளி தான் கொண்டுவந்த பையைத் திறந்து காட்டுவதைப் போன்றது. வீட்டு அலமாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதிலுள்ள செக் என்ற செயற்கூறு இன்னும் ஏமாற்றக்கூடியது. "இந்த எழுத்துருவால் எழுத, இனி வரவழைக்க வேண்டியது ஏதாவது மிச்சம் உண்டா?" என்பதே அதன் உண்மையான கேள்வி. உலகத்திலேயே இல்லாத பெயரைக் கொடுத்தாலும், வரவழைக்க ஒன்றுமில்லை என்ற பொருளில் ஆம் என்று அது விடை சொல்லலாம். அந்த ஆம் என்பதை இருக்கிறது என்று படித்தவர்கள் பலர்.

தங்கள் பக்கம் தமிழில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், வந்தவரின் அலமாரியைத் துழாவ வேண்டிய தேவையே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பிவிட்டு, அது வந்துசேரும் வரை மாற்றாக விண்டோஸுக்கு நிர்மலா யூஐ, மேக்குக்குத் தமிழ் சங்கம் எம்என் என்று பெயர்களை வரிசையாக எழுதிவைத்தால், அவற்றுள் இருப்பதை உலாவியே தேர்ந்துகொள்ளும். எது இருந்தது என்று இணையதளத்திடம் அது சொல்லவும் வேண்டாம்.